கார் கொட்டகையில் வாங்கிய அடி

ஆசீர்வாதத்தில் ஆரம்பிப்பதுதான் நம் வீட்டு வழக்கம். இன்றைக்குக் கை வரவில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். டில்லியிலிருந்து அம்மாவுக்கு நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். இந்த வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பதும் உனக்குத் தெரியும். இருந்தும் உறையின் மேல் அவள் பெயரைப் போட்டு, உள்ளே முழுக்க முழுக்க என்னைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவள் அடுப்படியில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டே, "படியுங்கோ, கொழந்தை என்ன எழுதியிருக்கான்?" என்றாள். நான் படித்தேன். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று படித்தேன். பெண் வீட்டார் பெரிய இடம், மைலாப்பூரில் நாலு பேரை விசாரிக்கக்கூடியவர்கள், அதனால் அப்பா வரவேண்டாம் என்று படித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளையின் அப்பா செய்கிற நாந்திச் சடங்குக்கு என் இடத்தில் உன் மாமாவை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று படித்தேன். கடைசியில், "அப்பா கார், அடி என்று ஏதாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே, இந்த வியாதி முற்றினால் புத்தியும் பிசகும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள்" என்று எழுதியிருந்தாயே, அதையும் படித்தேன். ஒரு வார்த்தை விடவில்லை. முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பிடிக்காத வரியைத் தாண்டிப் படிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. இருக்கிற குரலில் பாதி காற்றாகப் போகிறது, அதனால் இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். உன் அம்மா கேட்டு முடித்து, "சரி, அவன் சொல்றபடியே பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி வாழைக்காயை எடுத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு வரவேண்டாம் என்கிறாய், வரவில்லை. பந்தலில் நான் நிற்கவேண்டும் என்று உன்னோடு மல்லுக்கட்ட இந்தக் கடிதம் இல்லை. ஆனால் கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் நாலு வார்த்தை புத்தி சொல்லவேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் இருக்கிறதே, அதையாவது என்னிடமிருந்து வாங்கிக்கொள். கட்டிக்கொண்டவளிடம் சின்னப் பொய் சொல்லாதே. பெரிய பொய்யை அவளே ஒரு நாள் கண்டுபிடித்து, அழுது, சண்டை போட்டு, ஆறிப்போவாள். சின்னப் பொய்யை நம்பி அப்படியே முடிந்து வைத்துக்கொள்வாள். பின்னால் நீ உண்மையைச் சொல்லும்போது அந்தப் பழைய பொய்யை எடுத்து உன் முகத்தில் அடிப்பாள். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். எப்படி நடந்தது என்று கண்ணால் பார்த்தவன் உன்னைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை. நீ மறந்த மாதிரி இருப்பதால் நானே எழுதுகிறேன்.

கோர்ட்டு கோடை விடுமுறை. நான் குமாஸ்தாவாக இருந்த வக்கீல் மாமா குடும்பத்தோடு குன்னூர் போயிருந்தார். லஸ்ஸில் இருக்கும் அவர் வீட்டுச் சாவி என் இடுப்பில். அவர் டிரைவர் காதர் பாய்க்கும் விடுமுறை. நீ அப்போது காலேஜ் கடைசி வருஷம். காதர் பாயின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து மோட்டார் ஓட்டக் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தாய். "அப்பா, அடையாறு பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு, போன சுவடு தெரியாமக் கொண்டுவந்து விட்டுடறேன்" என்று பிடுங்கி எடுத்தாய். நான் கண்டித்திருக்க வேண்டும். என் பிள்ளை மோட்டார் ஓட்டுவதைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது, அதுதான் உண்மை. அந்த வண்டி, உனக்கு நினைவிருக்கும், முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும் கிழட்டு வண்டி. கொட்டகையில் சுவரைப் பார்த்து நிறுத்தியிருந்தது. நான் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் இறங்கி, குனிந்து, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினேன். நீ சக்கரத்துக்குப் பின்னால் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தாய். கியரை எடுத்துவிட்டாயா என்று கேட்டேன். எடுத்தாச்சு என்றாய். எடுக்கவில்லை. எஞ்சின் பிடித்ததும் வண்டி ஒரு துள்ளு துள்ளி என்னைச் சுவரோடு வைத்து அழுத்தியது. நெஞ்சுக்கு முன்னால் ரேடியேட்டர், முதுகுக்குப் பின்னால் சுவர். மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. எஞ்சின் தானாக நின்றதால் பிழைத்தேன். நீ இறங்கி வண்டியைப் பின்னுக்குத் தள்ளி, என்னைத் தரையில் உட்கார வைத்து, முகத்தில் தண்ணீர் அடித்தாய். எனக்குப் பேச்சு வந்ததும் நீ முதலில் கேட்டது வலிக்கிறதா என்று அல்ல. "அப்பா, மாமாவுக்குச் சொல்லிடாதே" என்றாய். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, மார்பெல்லாம் கன்றியிருப்பதைப் பார்த்துப் பதறிய உன் அம்மாவிடம், கிணற்றங்கரையில் வழுக்கிக் கைப்பிடிச் சுவரில் மோதிக்கொண்டேன் என்றேன். அவள் மூசாம்பரம் இழைத்துப் பற்றுப் போட்டாள். கன்றல் கறுத்து, மஞ்சளாகி, மறைந்துவிட்டது. அந்தத் துள்ளலில் வண்டியின் மட்கார்டு கொட்டகைத் தூணில் இடித்து நசுங்கியது மட்டும் மறையவில்லை. வக்கீல் மாமா திரும்பி வந்ததும் காதர் பாயைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். "நா வண்டியத் தொடவே இல்லீங்க சாமி" என்று அவர் தலையில் அடித்துச் சொன்னார். வேலை போய்விட்டது. அப்போது நீயும் நானும் அதே முற்றத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

அதற்குப் பின் சில வருஷம் நன்றாகத்தான் இருந்தேன், அல்லது நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஒரு குடைச்சல் வந்தது. வாயு என்றார்கள். தைலம் தேய்த்து வெந்நீர் விட்டுக்கொண்டேன். பிறகு குரல் போக ஆரம்பித்தது. கட்டு கட்டாகத் தஸ்தாவேஜுகளை வக்கீலுக்கு முன்னால் கணீரென்று படித்த குரல், ஓட்டைப் பானையில் ஊதின மாதிரி ஆகிவிட்டது. தொண்டைக்கட்டு என்றார்கள். சித்தரத்தை, அதிமதுரம், மிளகு, பனங்கற்கண்டு என்று உன் அம்மா போடாத கஷாயம் இல்லை. தொண்டை டாக்டர் ஒருவர் உள்ளே என்னத்தையோ தடவி எரித்தார். அதற்கும் பின்னால், சாதம் தொண்டையில் நின்று நின்று இறங்க ஆரம்பித்தது. மோர் இருந்தால்தான் கவளம் உள்ளே போகும். தொண்டையில் ஒன்றும் இல்லாதபோது தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் தோன்றவில்லை. நெஞ்சில் பட்ட அடி குரலைப் பறிக்கும் என்று யார் கண்டார்கள்?

வக்கீல் மாமாதான் கடைசியில் பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நீயும் வந்தாய். இருட்டறையில் நிற்க வைத்து எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாயில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம் இருக்கிறது, அது குரலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். அந்த மட்டும் அவர் சொன்னது சரிதான். பிறகு, "நெஞ்சில் எப்போதாவது பலமாக அடிபட்டதுண்டா?" என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ வக்கீல் மாமாவைப் பார்த்தாய். உன் டில்லி உத்தியோகத்துக்கு அவர் சிபார்சு எழுதிக்கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள், "நோ சார், அப்படி ஒன்றும் இல்லை" என்றாய். சாட்சிக்காரர்களை உட்கார வைத்து, "கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு, ஆமாம் இல்லை என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் கேஸ் கெட்டுவிடும்" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த நீ அதைப் பாடத்தைவிட நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாய். நானும் என் பாடத்தின்படியே நடந்தேன். இல்லை என்று ஒரு பதில் பதிவாகிவிட்டது, அதை அடித்து எழுதினால் உன் வேலை போகும், பேசாமல் இருந்துவிட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அடி இல்லை என்றால் இந்த வீக்கத்துக்கு ஒரே காரணம்தான் உண்டு" என்றார். அது என்ன காரணம் என்று அவர் இங்கிலீஷில் சொன்னார். வக்கீல் மாமா நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

மேக வியாதி. பெண்ணிடம் போய் வாங்கிக்கொண்டு வருகிற வியாதி. உன் அம்மாவைத் தவிர இன்னொரு பெண்பிள்ளையின் விரல் நகத்தைக்கூடத் தொடாதவனுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது. ரத்தம் எடுத்துப் பரிசோதனை செய்தார்கள், ஒன்றும் இல்லை என்று வந்தது. "சில பேருக்கு ரத்தத்தில் தெரியாது" என்றார் டாக்டர். தெரிந்தால் வியாதி, தெரியாவிட்டாலும் வியாதி. எங்கள் கோர்ட்டில்கூட இப்படி ஒரு தீர்ப்பை நான் கேட்டதில்லை. ஊசி போட்டார்கள். பாதரசம் கலந்த மருந்து கொடுத்தார்கள். ஈறு வீங்கிப் பல் ஆடியது, வாயில் எச்சில் ஒழுகியது. வீட்டில் யார் சொன்னது என்று நான் விசாரிக்கவில்லை. ஆனால் நீ டில்லிக்கு ரயில் ஏறுவதற்கு முன்னாலேயே உன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் அவள் சாப்பிடுவாள். வேண்டாம் என்று நானே சொல்லியும் கேட்டதில்லை. விஷயம் தெரிந்த அன்று என் இலையைச் சுருட்டிக் கொல்லையில் எறிந்துவிட்டுத் தனக்கு வேறு இலை போட்டுக்கொண்டாள். எனக்கென்று ஒரு டம்ளர், ஒரு சொம்பு, ஒரு பாய் தனியாக வந்தன. சண்டை போடவில்லை. "யாருன்னு நான் கேக்கலை, எங்கேன்னும் கேக்கலை. நேக்குத் தெரியவே வேண்டாம்" என்றாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். உனக்குப் பின்னால் பிறந்து, பேர் வைக்கும் முன்பே போன இரண்டு குழந்தைகள் உண்டே, நீ சின்னவன், உனக்கு நினைவிருக்காது. இந்த வியாதி இருக்கிற வீட்டில் குழந்தை தங்காது என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் சாதம் போட வந்தவள் கரண்டியோடு நின்று, "அதுகளையும் நீங்கதான் கொன்னேளா?" என்று கேட்டாள். எனக்கு அன்றைக்குத் தொண்டையில் சாதம் இறங்காததற்கு எந்த டாக்டரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

போன மாசம் வலி பொறுக்காமல், மாம்பலத்தில் புதிதாக டிஸ்பென்சரி திறந்திருக்கும் ஒரு சின்ன வயசு டாக்டரிடம் தனியாகப் போனேன். அவர் என் இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தார். இடது கை நாடி இளைத்திருக்கிறது என்றார். நான் கொண்டுபோன பழைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு பெரிய டாக்டர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். பக்கத்தில் வக்கீல் இல்லை, நீ இல்லை. சொன்னேன். அவர் படத்தை இன்னொரு தரம் பார்த்தார். படிக்கும் காலத்தில் பிண அறையில் இப்படி நெஞ்சு நசுங்கினவர்களைப் பார்த்திருக்கிறாராம். குழாய் இதே இடத்தில்தான் கிழியுமாம். முக்கால்வாசிப் பேர் அங்கேயே முடிந்துவிடுவார்களாம். எனக்கு உள்ளே கிழிந்து, மேலுறை மட்டும் தாங்கிக்கொண்டு, இத்தனை வருஷமாக மெல்ல மெல்ல உப்பிக்கொண்டு வந்திருக்கிறது. "இது மேக வியாதி இல்லை ஐயா, உங்களுக்கு அது என்றைக்கும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை" என்றார். அந்த வார்த்தைக்கு நான் அவர் மேஜை மேல் தலையை வைத்து அழுதேன். முன்னாலேயே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பேனா என்று கேட்டேன். மழுப்பாமல் சொன்னார். இதைத் தைத்துச் சரிசெய்கிற வித்தை இன்னும் யாருக்கும் தெரியாது. ஓய்வாகப் படுத்திருக்கச் சொல்லியிருப்பார்கள், பாதரசத்தைக் கொடுத்து வதைத்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். வெடித்தால் கூப்பிடக்கூட நேரம் இருக்காது என்றும் சொன்னார். ஆகையால் என் உயிரை நீ எடுத்தாய் என்று நான் சொல்லவில்லை. கியரை எடுக்க மறந்தது சின்னப் பையன் செய்த பிசகு, அதை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். டாக்டர் அறையில் நீ சொன்ன இல்லை என்ற வார்த்தைதான் என்னால் விழுங்க முடியாமல் இருக்கிறது.

வீட்டுக்கு ஓடி வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "கெணத்துச் சுவர்ல மோதிண்டேன்னு நீங்கதானே சொன்னேள்? இத்தனை வருஷமா இல்லாத கார் இப்போ எங்கேர்ந்து வந்தது?" என்றாள். அன்று சொன்னது பொய் என்றேன். "அப்போ சொன்னது பொய், இப்போ சொல்றது நெஜமா? உங்க பாவத்தைக் கொழந்தை தலையில போடறேளே, நன்னா இருக்கா?" என்றாள். டாக்டரை அழைத்து வருகிறேன் என்றேன். "டாக்டர் என்ன, நீங்க சொன்னதைத்தானே சொல்லுவார். அவன் தன் வாயால சொல்லட்டும், நம்பறேன்" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேறு சாட்சி எனக்கு இல்லை. காதர் பாயை லஸ் பஸ் நிற்குமிடத்தில் பார்த்தேன், இப்போது பஸ் ஓட்டுகிறார். "இன்னா ஐயரே, இப்டி எளச்சுப் பூட்டே? கொரலு இன்னா ஆச்சு?" என்று பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் வேலை போனதுக்கு நாங்கள்தான் காரணம் என்று சொன்னேன். "தெரியும் ஐயரே. அன்னிக்கே தெரியும். வுடு, எனக்கு இன்னா, வண்டி ஓட்டிக்கினுதான் கீறேன்" என்றார். வீட்டுக்கு வந்து என் சம்சாரத்திடம் ஒரு வார்த்தை சொல்வாயா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "நா அங்க இல்லியே ஐயரே. பாக்காதத எப்டிச் சொல்றது? உம் புள்ளையக் கூப்ட்டு சொல்லச் சொல்லு" என்றார். அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டவர்களுக்காகக்கூட அவர் பொய் சொல்லத் தயாராக இல்லை.

அதனால்தான் இந்த முறை உறையின் மேல் உன் பெயரைப் போட்டு எழுதுகிறேன். நீ உத்தியோகத்தில் நிலைத்துவிட்டாய். உண்மையைச் சொன்னால் இப்போது உனக்குப் போவது ஒன்றும் இல்லை, வக்கீல் மாமாவே வேலையை விட்டு ஒதுங்கிவிட்டார். பெண் வீட்டாருக்கு நீ ஒன்றும் சொல்லவேண்டாம். அவர்கள் என்னை எந்த வியாதிக்காரன் என்று வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும், அவர்கள் எனக்கு யார்? ஊர் வாயைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. ஆனால் உன் அம்மாவோடு இருபத்தெட்டு வருஷம் வாழ்ந்திருக்கிறேன். நான் போன பிறகு அவள் தாலியை அறுப்பார்கள், முடியை எடுப்பார்கள், ஒரு மூலையில் உட்கார வைப்பார்கள். அந்த மூலையில் மிச்சமிருக்கிற காலமெல்லாம் உட்கார்ந்து, தன் குழந்தைகளைக் கொன்றவனுக்காகவா இந்தக் கோலம் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ அவளுக்குப் பிள்ளை, உன்னாலும் தாங்க முடியக்கூடாது.

தபாலில் எழுதிவிடலாம் என்று நினைக்காதே. நீ எழுதினால் அதையும் நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டவேண்டும், என் குரலில் வருகிற எதையும் அவள் நம்பமாட்டாள். லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் நேரில் வா. வந்ததும் என்னை விசாரிக்காதே, நமஸ்காரம் செய்யாதே, என் பக்கமே திரும்பாதே. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போ. அவள் அங்கேதான் இருப்பாள்.

உன் அப்பா